கை படாத வண்டி

டொக்கு அண்ணனுக்கு அந்தப் பெயரை வைத்தது யாரென்று எனக்குத் தெரியாது. நான் அவர் வீட்டு மாடியறைக்குக் குடிவந்தபோதே தெரு முழுக்க அவரை அப்படித்தான் கூப்பிட்டது. அடிபட்ட கார்களின் தகட்டில் விழுந்த டொக்கைத் தட்டி எடுப்பது அவர் தொழில். வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஷெட் இருந்தது. காலை ஏழு மணிக்குத் தொடங்கும் சுத்தியல் சத்தம் மதியச் சாப்பாட்டுக்குத்தான் ஓயும். நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன், பாதி வேலையை அறைக்கும் தூக்கிக்கொண்டு வருகிறவன். முதல் மாதம் முழுக்க அந்த மனிதரை மனத்துக்குள் திட்டித் தீர்த்தேன். இரண்டாம் மாதத்தில் சத்தம் நின்றால்தான் என்ன ஆயிற்றோ என்று ஜன்னல் வழியே எட்டிப்பார்க்கத் தோன்றியது. வாடகைக்கு இருக்கிறவனின் புத்தி இப்படித்தான் மெல்ல மெல்ல வீட்டுக்காரர் பக்கம் சாய்ந்துவிடுகிறது.

சாதாரணக் கார்களை அவர் விட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. இப்போதெல்லாம் ஸ்போர்ட்ஸ் கார் மட்டும்தான். எங்கோ ஒருவன் ஆசைப்பட்டு வாங்கி, நாலு நாள் பறந்து, ஐந்தாம் நாள் எதிலாவது மோதியிருப்பான். அப்படி மூக்குடைந்த வண்டிகள் இணைய ஏலத்துக்கு வரும். அண்ணன் படத்தைப் பார்த்து ஏலத்தில் எடுப்பார், இரண்டு மூன்று மாதம் ஷெட்டில் வைத்துச் சரிசெய்வார், அதே ஏலத்தில் மறுபடி விற்பார். இரண்டு பேர் மட்டும், அதுவும் காலை நீட்டிப் படுத்த வாக்கில் உட்காருகிற வண்டிக்கு எதற்கு இவ்வளவு விலை என்று ஒருமுறை கேட்டேன்.

"மாடி, அதுல போறதுக்குன்னு யாரும் வாங்கறதில்ல. போறத நாலு பேர் பாக்கணும்னு வாங்கறாங்க," என்றார். மாடியில் இருப்பதால் எனக்கு அந்த வீட்டில் மாடி என்றே பெயர்.

வாங்குவதற்குக் கண் அவருடையது என்றால், விற்பதற்குக் கை அக்காவுடையது. அக்கா என்றால் அவர் மனைவி. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் வேலை பார்த்தவள். ஏலத்துக்கான படங்களை அவளே எடுப்பாள், விவரங்களை அவளே எழுதுவாள். மற்றவர்கள் வண்டியின் அழகைப் படம் பிடித்தால் அவள் குறையைப் படம் பிடிப்பாள். எங்கெல்லாம் கீறல் இருக்கிறதோ, எங்கெல்லாம் பெயிண்ட் ஒரு சாயல் மாறியிருக்கிறதோ, அங்கெல்லாம் தன் ஆள்காட்டி விரலை வைத்து எடுப்பாள். நகத்தைப் பார்த்தால் கீறலின் நீளம் தெரிந்துவிடும். ஏலத் தளத்தில் கேள்வி கேட்பவர்கள் அவளை விரல் அக்கா என்றே அழைத்தார்கள். விரல் அக்கா போட்ட வண்டி என்றால் நேரில் வந்து பார்க்காமலே ஏலம் கேட்பார்கள். அவள் எழுதியதைத் திருத்திக் கொடுப்பது என் வேலை. அதற்குக் கூலியாக ஞாயிறு மதியச் சாப்பாடு.

வீடு அக்காவின் அப்பா கட்டியது. பாதி அவளுக்கு, பாதி அவள் தம்பிக்கு. தம்பியை எல்லோரும் ஹாரன் என்பார்கள். மெதுவாகப் பேசவே வராது. கெட்டவன் இல்லை. தெருமுனையில் திரும்பும்போதே அவன் வருவது எனக்கு மாடியில் கேட்டுவிடும். அவனுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்திருந்தது. அங்கே வீடு வாங்க வேண்டும், தன் பங்கு வேண்டும் என்றான். அக்கா தன் பாதியோடு அவன் பாதியையும் வாங்கிக்கொள்வதாகச் சொன்னாள். மூன்று மாதத் தவணை. அதற்குள் முடியாவிட்டால் வீடும் ஷெட்டும் சேர்த்து வெளி ஆளுக்குப் போய்விடும். வருஷக்கணக்காக இவர்கள் சேர்த்து வைத்ததில் முக்கால் பங்கு விலை தேறியது. மீதிக் காலுக்கு ஒரே ஒரு நல்ல வண்டி போதும் என்று அண்ணன் கணக்குப் போட்டார். சேர்த்த முக்காலையும் அந்த ஒரு வண்டியில் போட்டு எடுக்க வேண்டும் என்பதுதான் அந்தக் கணக்கில் இருந்த சிக்கல்.

ஏலம் முடிகிற அன்று எனக்கு விடுமுறை. காலை பதினோரு மணிக்குக் கீழே போனேன். சாப்பாட்டு மேஜையில் மடிக்கணினி. பக்கத்தில் ரொட்டியும் அவித்த முட்டையும் யாரும் தொடாமல் இருந்தன. வெளியே மழை. அந்த வருஷம் மழை சீக்கிரமே பிடித்துக்கொண்டது. திரையில் ஒரு சிவப்பு வண்டி தரையோடு தரையாகப் படுத்திருந்தது.

"உக்காரு மாடி. இந்தக் கதவப் பாரு," என்றார் அண்ணன்.

பார்த்தேன். கதவு கதவாகத்தான் இருந்தது.

"கதவுக்கும் பின்னால தகட்டுக்கும் நடுவுல இருக்கற இடுக்கப் பாரு. மேல எவ்வளவு, கீழ எவ்வளவு?"

"ஒரே மாதிரி இருக்கு."

"இப்ப அந்தப் பக்கத்துக் கதவு." படத்தைத் தள்ளினார். "இதுவும் அதே அளவு. பானெட்டும் அதே அளவு. ஒரு வண்டி நல்லா ஒரு இடி வாங்கியிருந்தா இது அமையவே அமையாது. எங்கயாவது ஒரு நூல் தள்ளிப் போயிரும். இது யாரு கையும் படாத வண்டி. முன் பம்பர் உடைஞ்சிருக்கு, ஒரு லைட்டு போயிருக்கு. ஓட்டத் தெரியாதவன் எங்கயோ சுவத்துல ஒரசிட்டான், அவ்வளவுதான்."

"அடிப்பக்கம் ஒரே ஒரு படம்தான் போட்டிருக்கான்," என்றாள் அக்கா. "அதுலயும் கன்னங்கரேல்னு தார் பூசியிருக்கு. தார் பூசியிருந்தா சந்தேகப்படணும்னு நீங்கதானே சொல்வீங்க?"

"அது மேலயும் கோணலா இருந்தா. மேல இவ்வளவு சுத்தமா இருக்கறப்ப கீழ என்ன இருந்துடப் போவுது? துரு பிடிக்கக் கூடாதுன்னு பூசியிருப்பான்."

"நேர்ல போய் காந்தம் வெச்சுப் பாத்துட்டு வந்திருக்கலாம்."

"ரெண்டு நாள் பயணம். அதுக்குள்ள ஏலம் முடிஞ்சிரும். போட்டோல காந்தம் ஒட்டாது, அதனாலதான் கண்ண ஒட்ட வெக்கணும். இருவது வருஷமா இந்தக் கண்ணுதானே சோறு போடுது."

அவள் மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். எவ்வளவு வரை போகலாம் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி மேஜையில் வைத்திருந்தாள். ஏலக் கணக்கு அவள் பெயரில் இருந்ததால் பொத்தானை அழுத்துவதும் அவள்தான். கடைசி இரண்டு நிமிஷத்துக்குள் யாராவது விலை ஏற்றினால் இன்னும் இரண்டு நிமிஷம் கூடும் என்பது அந்தத் தளத்தின் விதி. அந்த இரண்டு நிமிஷம் ஒன்பது முறை வந்தது. காகிதத்தில் இருந்த விலையைத் தாண்டியபோது அவள் கையை எடுத்துவிட்டாள்.

"இன்னும் ஒரே ஒரு தடவ," என்றார் அண்ணன்.

அழுத்தினாள். எதிராளியும் ஏற்றினான்.

"இதான் கடைசி. சத்தியமா."

அந்தக் கடைசி மூன்று முறை வந்தது. பிறகு எதிராளி ஓய்ந்துபோனான். திரையில் வாழ்த்துகள் என்று வந்தது. அண்ணன் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்து அந்த ஆறிய முட்டையைத் தின்றார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. வீடு இவர்களிடமே இருந்தால் மாடியும் என்னிடமே இருக்கும்.

ஒரு வாரம் கழித்து வண்டி லாரியில் வந்து இறங்கியது. அண்ணன் ஈரத்தைத் துடைத்துவிட்டுத் தன் காந்தத்தை எடுத்தார். தகட்டுக்கு மேல் பட்டி பூசி மறைத்திருந்தால் காந்தம் அங்கே ஒட்டாது, அதுதான் சோதனை. கதவு, கூரை, பின்பக்கம் என்று வைத்த இடமெல்லாம் பட்டென்று ஒட்டியது. ஒவ்வொரு முறையும் அக்காவைத் திரும்பிப் பார்த்தார். அவளும் கடைசியில் சிரித்துவிட்டாள். ஹாரனும் அன்று வந்திருந்தான்.

"மாமா, இதுல ஒரு தடவ என்னைக் கூட்டிட்டுப் போங்க."

"நீ ஏறினா வண்டிக்கு ஹாரன் தேவையில்ல மச்சான். கழட்டி வித்துடலாம்."

அப்படி எல்லோரும் ஒன்றாகச் சிரித்த நாள் அது. அதற்குப் பிறகு அந்த ஷெட்டில் நான் சிரிப்புச் சத்தம் கேட்கவில்லை.

பம்பரும் விளக்கும் மாற்ற நாலு நாள் ஆனது. ஈரக் காற்றில் பெயிண்ட் காயாது என்பதால் மழை விடுவதற்காகக் காத்திருந்தார். ஐந்தாம் நாள் வண்டிக்குள்ளே புழுங்கிய வாடை அடித்தது. வருகிற வழியில் லாரியில் தண்ணீர் இறங்கி, காலடி விரிப்பு நனைந்து ஊறியிருந்தது. காயப்போடலாம் என்று சீட்டுகளைக் கழற்றி விரிப்பை உரித்தார். அடியில் தார் பூச்சு ஒரு இடத்தில் ஈரத்தில் கொப்பளித்து நின்றது. அதை ஒரு உளியால் சுரண்டினார். நான் அச்சகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன்.

"மாடி, ஒரு நிமிஷம். அவளையும் கூப்பிடு."

இரண்டு பேரும் போய்ப் பார்த்தோம். இரண்டு கதவுகளுக்கும் நடுவே, சீட்டு இருந்த இடத்துக்கு நேர் கீழே, தரைத் தகட்டில் குறுக்காக ஒரு வெல்டிங் கோடு ஓடியது.

"என்னங்க இது?"

"வெட்டி ஒட்டின வண்டி." அண்ணனின் குரலில் பயத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம் இருந்தது. "முன்பாதி ஒரு வண்டி, பின்பாதி ஒரு வண்டி. ஆனா பாரேன், என்ன வேலை பண்ணியிருக்கான். விரல் நீளம் ஒட்டறான், விடறான், தள்ளிப்போய் ஒட்டறான், திரும்பி வர்றான். சூட்டுல தகடு நெளியவே இல்ல. எவனோ நல்ல கைக்காரன். இவன்கிட்ட யார் வேணாலும் ஏமாறலாம்."

அக்கா கதவருகே தரையில் உட்கார்ந்து அந்தக் கோட்டையே பார்த்தாள். அண்ணன் ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கினார். முதுகில் படுத்து உள்ளே நகர்ந்தார். சுரண்டுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றது. கால் மட்டும் வெளியே தெரிந்தது. நான் குனிந்து பார்த்தேன். வெல்டிங்குக்குத் தாங்கலாக அடியில் ஒரு பட்டை வைத்திருந்தது. அந்தப் பட்டை மஞ்சள் நிறம். அதன் மேல் நீலத்தில் ஏதோ ஒரு எழுத்தின் கீழ்ப்பாதி.

"கடை போர்டு," என்றார் அண்ணன் வண்டிக்கு அடியிலிருந்தே.

"எந்தக் கடை?"

"நான் வேலை பாத்த கடை. முதலாளி புதுத் தகடு வாங்கித் தர மாட்டான். பழைய போர்டு ஒண்ணு மூலையில கிடந்துச்சு. அதத்தான் வெட்டி வெட்டி வெச்சேன்."

அவர் வெளியே வர வெகுநேரம் ஆனது. வந்தபோது முகமெல்லாம் தார்த்தூள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், கல்யாணம் ஆன புதிதில், வேறு ஊரில் ஒரு முதலாளியிடம் இருந்தபோது செய்த வேலை. அப்போது அந்த வண்டி வெள்ளி நிறம். சிவப்பு யார் அடித்ததோ, எத்தனை கை மாறியதோ. இடுக்கு ஒரு நூல்கூட விலகாமல் அமைத்தது அவரேதான். கை படாத வண்டி என்று அவர் திரையைப் பார்த்துச் சொன்னது தன் கையை.

அக்கா தரையில் உட்கார்ந்தபடியே கேட்டாள். "இந்த மாதிரி எத்தன பண்ணீங்க?"

"ஏழு."

"மத்த ஆறும் எங்க இருக்கு?"

"தெரியாது."

"எங்கிட்ட நீங்க இதச் சொன்னதே இல்லையே."

"சொல்ற மாதிரி வேலையா அது?"

அன்று அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை. நான் அச்சகத்திலிருந்து வரும்போது ரொட்டி வாங்கி வந்தேன். அக்கா வாங்கிக்கொண்டாள். யாருக்கும் அதைப் பிரிக்கத் தோன்றவில்லை.

மறுநாள் ஏலத் தளத்துக்குப் புகார் எழுதினோம். வார்த்தைகள் என்னுடையவை. 'குறையை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் சீட்டைக் கழற்றியபோது என்று மட்டும் எழுதினேன். இரண்டு நாளில் பதில் வந்தது. வண்டி இருக்கிறபடி விற்கப்பட்டது, படங்கள் உண்மையானவை, அடிப்பக்கத்துப் படமும் அதில் இருக்கிறது, வாங்கியவரே பார்த்துத்தான் வாங்கினார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அந்தப் பதிலில் திருத்த ஒரு பிழையும் இல்லை. விற்றவனுக்கும் எழுதினாள் அக்கா. அவனும் யாரிடமோ ஏமாந்தவன்தான் போலிருக்கிறது. பதிலே போடவில்லை.

ஹாரன் வந்தான். இந்த முறை தெருமுனையில் அவன் சத்தம் கேட்கவில்லை, வாசற்படி ஏறிய பிறகுதான் தெரிந்தது. அக்கா அவனுக்கு டீ போட்டுக் கொடுத்தாள். மூன்று பேரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். என்னையும் உட்காரச் சொன்னார்கள்.

"சரி, இப்ப என்ன பண்றதா உத்தேசம்?" என்றான் ஹாரன்.

"திரும்பத் தார் பூசிட்டு விரிப்பப் போட்டுர வேண்டியதுதான்," என்றார் அண்ணன். அவர் யாரையும் பார்க்கவில்லை.

"வாங்கறவன் கண்டுபிடிச்சா?"

"எனக்கே தெரியல மச்சான். செஞ்சவனுக்கே தெரியாதது வேற எவனுக்குத் தெரியப் போவுது?"

"அதுல உக்காந்து போறவன் என்ன ஆவான்?" என்றாள் அக்கா.

"ஒண்ணும் ஆவ மாட்டான். பன்னண்டு வருஷமா ஓடியிருக்கு. என் வெல்டு பிரியாது."

"பிரியாதுன்னா எதுக்குத் தார் பூசி மறைச்சீங்க?"

அண்ணன் டம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தார். "மொதலாளி பூசச் சொன்னான்."

"இப்ப யார் சொல்றா?"

ஹாரன் குறுக்கே புகுந்தான். "அக்கா, நீ நியாயம் பேசற. சரி. ஆனா நியாயத்துக்கு யாரு வெல குடுப்பா? எனக்கு இன்னும் அஞ்சு வாரந்தான் டைம். அங்க அட்வான்ஸ் குடுத்துட்டேன். நான் ஒண்ணும் உன்ன வெரட்டணும்னு நெனைக்கல. ஒரு ஆளு ரெண்டு தடவ வந்து வீட்ட அளந்துட்டுப் போய்ட்டான். நான் என்னத்தச் சொல்லி அவன நிறுத்தி வெக்கறது?"

"நீ நிறுத்த வேணாம்."

"பாரு, கோவப்படறா. மாமா, நீங்களாவது சொல்லுங்க. மாடி சார், நீங்க படிச்சவரு, நீங்க சொல்லுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் என்ன பெரிய யோக்கியன். மாடியறையையும், ஜன்னலுக்கு வெளியே தெரிகிற தகரக் கூரையையும், ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டையும் நினைத்தேன். தார் பூசிவிட்டால் என்ன என்றுதான் எனக்கும் தோன்றியது. "அக்கா இஷ்டம்," என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். இன்றைக்கு நினைத்தாலும் அந்தப் பதில் எனக்குக் கூசுகிறது.

அக்கா டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு எழுந்தாள். "விக்கறதுன்னா நான்தான் எழுதணும். என் பேர்லதான் போகும். நான் விரல் வெக்காம ஒரு குறையையும் விட்டதில்ல. அந்த ஒண்ணுக்காகத்தான் பாக்காமலே வாங்கறாங்க. அவங்களையே பாத்து எப்படிப் பொய் எழுதுவேன்?"

"அப்ப வீடு போகட்டும்ங்கற," என்றார் அண்ணன்.

"நான் போகட்டும்னு சொல்லல. நீங்க பன்னண்டு வருஷம் முன்னாடியே சொல்லிட்டீங்க."

கிளம்பும்போது ஹாரன் வாசலில் நின்று அவளிடம் மெதுவாகப் பேசினான். அவனுக்கு மெதுவாகவும் பேச வரும் என்று அன்றுதான் தெரிந்தது. "அக்கா, எது எப்படி ஆனாலும் நீ எங்கூட வந்துடு. சின்ன ரூம் ஒண்ணு இருக்கு. மாமா ஏதாவது வேலை தேடிக்குவாரு." அவள் தலையை ஆட்டிவிட்டு டம்ளர்களைக் கழுவப் போனாள்.

படம் எடுத்த நாள் மழை விட்டிருந்தது. அண்ணன் இரண்டு நாள் ஷெட்டுப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் அவள் கேமராவைத் தூக்கிக்கொண்டு தனியாகப் போனதைப் பார்த்துவிட்டு அவரும் பின்னால் போனார். வண்டியை ஜாக்கியில் ஏற்றினார். மீதித் தாரையும் சுரண்டி, துணியால் துடைத்து, வெல்டிங் கோடு முழுக்கத் தெரியும்படி செய்தார். பிறகு அவள் சாக்கு விரித்து அடியில் படுத்தாள், அவர் பக்கத்தில் படுத்து விளக்கைப் பிடித்துக்கொண்டார். வெளியே இரண்டு ஜோடிக் கால்கள் மட்டும் தெரிந்தன.

"விரல இன்னும் கொஞ்சம் தள்ளி வை," என்று அவர் குரல் கேட்டது. "அங்க இல்ல. அந்தப் பட்டை ஆரம்பிக்கற எடத்துல. அங்கதான் ரெண்டு வண்டியும் சேருது."

"விளக்கு ஆடுது."

"ஆடல. பிடிச்சிருக்கேன்."

எழுதியதை என்னிடம் கொண்டு வந்தாள். எப்போதும் இரண்டு பக்கம் எழுதுகிறவள் இந்த முறை பத்து வரிதான் எழுதியிருந்தாள். 'இந்த வண்டி இரண்டு வண்டிகளை வெட்டி ஒன்றாகச் சேர்த்தது. சேர்த்தவர் என் கணவர். சாலையில் ஓட்டுவதற்காக இதை வாங்க வேண்டாம். உதிரிப் பாகங்களுக்காக வாங்கலாம்.'

"ரெண்டாவது வாக்கியம் வேணாமே அக்கா," என்றேன். "யார் சேர்த்ததுன்னு யாரும் கேக்கப் போறதில்ல."

"கேக்காததையும் சொல்றதுதானே என் வழக்கம்."

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"படிச்சுக் காட்டினேன். சரின்னாரு."

சரி என்றது எந்தக் குரலில் என்று நான் கேட்கவில்லை. ஒரு காற்புள்ளியை மட்டும் சேர்த்துத் திருப்பிக் கொடுத்தேன்.

ஏலம் ஏழு நாள். முதல் நாளே தளம் பற்றிக்கொண்டது. அந்தச் சிவப்பு வண்டியை ஆயிரக்கணக்கான பேர் பார்த்தார்கள். கீழே பாராட்டுகள் வந்து குவிந்தன. இந்தக் காலத்தில் இப்படி ஒருவரா, விரல் அக்காவுக்குத் தலை வணங்குகிறேன், இவரைப் பார்த்து மற்ற வியாபாரிகள் கற்றுக்கொள்ள வேண்டும். ஒருவர் தன் மகனுக்கு இதைப் படித்துக் காட்டியதாக எழுதியிருந்தார். அண்ணன் ஒரு நாளைக்கு இருபது முறை வந்து திரையைப் பார்ப்பார். பாராட்டு ஏறியது, விலை ஏறவில்லை. கைதட்டியவன் எவனும் கை தூக்கவில்லை. ஐந்தாம் நாள் எனக்கே அந்தப் பாராட்டுகளைப் படிக்க எரிச்சலாக இருந்தது. யாருக்கு வேண்டும் இவர்கள் வணக்கம்?

அந்த வாரம் அண்ணன் பக்கத்து ஊர்களில் இருக்கிற மூன்று பட்டறைகளுக்கு வேலை கேட்டுப் போனார். இரண்டு இடத்தில் ஏலப் பக்கத்தை ஏற்கெனவே பார்த்திருந்தார்கள். ஒருவர் நேராகவே சொல்லிவிட்டாராம், இனி உங்களை வைத்திருந்தால் என்னிடம் வருகிற வண்டிகளையும் கவிழ்த்துத்தான் பார்ப்பார்கள் என்று. மூன்றாவது பட்டறையில் ஆள் தேவையில்லை என்றார்கள். வீட்டுக்கு வந்து அவர் இதையெல்லாம் அக்காவிடம் சொன்னார். குறை சொல்கிற மாதிரிச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் அவள் ஏதாவது பதில் பேசியிருப்பாள்.

ஏழாம் நாள் காலை ஏலம் முடிந்தது. இந்த முறை இரண்டு நிமிஷம் கூடவே இல்லை. மொத்தம் மூன்று பேர் கேட்டிருந்தார்கள். கடைசி ஆள் ஒரு வியாபாரி. போட்ட பணத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட வரவில்லை. ஹாரனுக்கு அக்காவே போன் செய்தாள். "அளந்துட்டுப் போனவர வரச் சொல்லிடு," என்றாள். மறுமுனையில் அவன் அழுதான் போலிருக்கிறது. "அழாத. டீ குடிச்சியா?" என்று கேட்டாள்.

அளந்தவர் வந்து முன்பணம் கொடுத்தார். ஷெட்டை இடித்துவிட்டு இன்னும் இரண்டு அறை கட்டப் போவதாகச் சொன்னார். மாடியறை அவர் மகனுக்கு. நல்ல மனிதர்தான். மாதக் கடைசிவரை இருந்துகொள்ளலாம் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டுப் போனார்.

வண்டியை எடுக்க வியாபாரியின் லாரி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை மதியம். அண்ணனும் டிரைவரும் சேர்ந்து வண்டியைத் தள்ளி ஏற்றினார்கள். நான் கீழே நின்றிருந்தேன். லாரி திரும்பிப் போன பிறகு ஷெட் திடீரென்று பெரிதாகத் தெரிந்தது. அண்ணன் கை கழுவப் போனார். அக்கா மேஜையில் பாத்திரங்களைக் காகிதத்தில் சுற்றி அட்டைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அப்போது அவள் போன் அடித்தது. கை வேலையாக இருந்ததால் ஸ்பீக்கரைத் தட்டிவிட்டாள்.

"விரல் அக்காங்களா? வண்டி எடுத்தவன் பேசறேன். லாரி கிளம்பிருச்சாம், டிரைவர் சொன்னான்."

"ஆமா. சாவி டிரைவர்கிட்டயே குடுத்தாச்சு. பேப்பரும் அவர்கிட்ட இருக்கு."

"அதுக்கில்லங்க. அந்த வெல்டு போட்டது உங்க வீட்டுக்காரர்னு எழுதியிருந்தீங்களே. போட்டோவ நான் பெருசு பண்ணி பெருசு பண்ணிப் பாத்தேன். முப்பது வருஷமா இதே தொழில்ல இருக்கேன், இப்படி ஒரு கை பாத்ததில்ல. நீங்க தாரச் சுரண்டிக் காட்டலேன்னா எவனும் கண்டுபிடிச்சிருக்க முடியாது."

அக்கா கையில் ஒரு தட்டு இருந்தது. அதைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். பாதிக் காகிதம் கீழே தொங்கியது.

"அவரு இப்ப சும்மாத்தான் இருக்காரா?" என்றது போன். "நம்மகிட்ட இந்த மாதிரி வேலை நிறைய இருக்கு. பாதி வண்டிங்க வந்து குவிஞ்சு கிடக்குது, சேக்கறதுக்கு ஆள் இல்ல. இப்ப வர்ற வண்டியையும் அவரே வந்து தாரப் பூசி மூடிக் குடுத்துட்டாருன்னா நல்ல வெலைக்குத் தள்ளிடலாம். சம்பளம் அவரு கேக்கறது. கொஞ்சம் பேசச் சொல்றீங்களா?"

அண்ணன் கதவருகே துண்டோடு நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று நான் கவனிக்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டிருந்தார் என்பது மட்டும் முகத்தில் தெரிந்தது. அக்கா அவரைப் பார்த்தாள். நான் அவர் மறுப்பார் என்று நினைத்தேன். மறுக்க வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மேஜையருகே வந்தார், போனைக் கையில் எடுக்காமல் அதன் பக்கமாகக் குனிந்தார்.

"நான்தான் பேசறேன். தங்கறதுக்கு எடம் இருக்கா?"

"அதுக்கென்னங்க, பட்டறைக்குப் பின்னாலயே ரூம் இருக்கு. எத்தன பேரு?"

"ரெண்டு பேரு."

அக்கா அந்தத் தட்டைப் பெட்டியில் வைத்தாள். அடுத்த தட்டை எடுத்தாள்.

"ஒருத்தர்னு சொல்லுங்க," என்றாள்.

அவர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். போனில் அந்த ஆள் இரண்டு முறை ஹலோ சொன்னான். அவள் காகிதத்தைக் கிழித்துத் தட்டைச் சுற்ற ஆரம்பித்திருந்தாள்.

"ஒருத்தர்தாங்க," என்றார் அண்ணன்.